மஃரிப் வராத கோள்

என் கணவருக்கு மிளகாய்ச் செடிக்கு அடுத்தபடியாகப் பிடித்தது வானத்துக் கதைதான். இலங்கையின் மேற்குக் கரையில், நுரைச்சோலைக்கு வடக்கே, கற்பிட்டி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மணல் தோட்டம் இருக்கிறது. மோட்டரைப் போட்டு வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு, கொட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, போனில் கோள்களைப் பற்றிய வீடியோக்களைப் பார்ப்பார். பார்த்ததையெல்லாம் வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கருவாடு பொரித்துக்கொண்டே கருந்துளையைப் பற்றிக் கேட்ட பெண் இந்தப் பக்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போன நோன்பு மாதத்தில் அவருக்கு ஒரு புதுக் கோள் கிடைத்தது. முதல் வாரத்தில் ஒரு நாள், பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து குசினி வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். நான் கஞ்சிக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருந்தேன்.

"புள்ள, ஒரு கோள் இருக்கு. அது தன்ட சூரியனுக்குக் கிட்ட நிண்டு, ஒரே முகத்தை மட்டும் அதுக்குக் காட்டிக்கொண்டு சுத்துது. நம்மட சந்திரன் நமக்கு ஒரே பக்கத்தைக் காட்டுற மாதிரித்தான். அதால ஒரு பக்கம் எப்பவும் பகல். மத்தப் பக்கம் எப்பவும் இரவு."

"அப்ப பகல் பக்கம் கருகிப் போகும்."

"ஓம். இரவுப் பக்கம் உறைஞ்சு போகும். ஆனா நடுவில வளையம் மாதிரி ஒரு இடம் இருக்கு. அங்க சூரியன் அடிவானத்தில ஒட்டிக்கொண்டு நிக்கும். ஏறவும் மாட்டுது, இறங்கவும் மாட்டுது. மனிசன் வாழுறதெண்டா அங்கதான் வாழலாம்."

"அங்க எப்பவும் எத்தினை மணி?"

அவர் சிரித்தார். "எப்பவும் நோன்பு திறக்கப் போற நேரம்தான்."

அவருக்கு அது சந்தோசமாக இருந்தது. எனக்கு அதைக் கேட்கப் பயமாக இருந்தது.

காரணம் சொல்ல வேண்டும். அவருக்குச் சீனி வருத்தம் வந்து பதினொரு வருடம். அதற்கு முந்திய நோன்பில், நோன்பு திறக்கிற மஃரிபுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது, பள்ளிவாசலில் கைகால் கழுவி வுழூ செய்யப்போன இடத்தில் விழுந்தார். நான்கு பேர் தூக்கி வான் வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சீனி ஏறி விழவில்லை, இறங்கித்தான் விழுந்தார். ஏறினால் ஆளை மெல்ல மெல்லக் கொல்லும், இறங்கினால் அரை மணியில் கொல்லும் என்று கிளினிக்கில் இருந்த இளம் டொக்டர் சொன்னாள். சிங்களப் பிள்ளை. எங்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகவே இரண்டு தமிழ்ச் சொல்லைப் பாடமாக்கி வைத்திருந்தாள். "நோன்பு வேணாம்." ஒவ்வொரு முறையும் மருந்துத் துண்டைக் கொடுக்கும்போது அதைத் திரும்பச் சொல்வாள். பள்ளி மௌலவியும் அதையே சொன்னார். நோயாளிக்குச் சலுகை இருக்கிறது, ஒரு நோன்புக்கு ஒரு ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்றார். இவர் இரண்டு பேருக்கும் தலையை ஆட்டினார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். நோன்பு தொடங்கிய முதல் நாள், விடியுமுன் சாப்பிடுகிற சஹருக்கு என்னை எழுப்பியதே அவர்தான்.

"உங்களுக்கு உசிர் பெரிசில்லையா?" என்றேன்.

"அல்லாஹ்ட நோன்பு பெரிசு."

"அல்லாஹ்தானே உங்களுக்கு வேணாம் எண்டு சொல்லியிருக்கான். நீங்க யாரு கூட்டிப் புடிக்க?"

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற மனிதர். ஆனால் என்னிடமும் ஒரு பிடிவாதம் இருக்கிறது. அன்று சஹர்ச் சோற்றை அவர் முன்னால் வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டே பேரம் பேசினேன். ஒவ்வொரு நாளும் அசருக்குப் பிறகு மெஷினில் விரலைக் குத்திச் சீனி பார்க்க வேண்டும். குத்திப் பார்த்தால் நோன்பு முறியாது என்று மௌலவியிடம் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தேன். எழுபதுக்குக் கீழே இறங்கினால், நேரம் என்னவாக இருந்தாலும், அந்த இடத்திலேயே நோன்பை விட வேண்டும். அவர் சம்மதித்தார். சோற்றை வைத்தேன்.

அவருக்கு இன்னொரு பிடிவாதமும் இருந்தது. நோன்பு திறக்கிற நேரத்துக்கு அவர் எந்த மணிக்கூட்டையும் நம்ப மாட்டார். அதற்கும் ஒரு கதை உண்டு. எங்கள் மகளைக் கிழக்கே அக்கரைப்பற்றில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். சில வருடங்களுக்கு முன்பு மருமகன் வந்து, தொழுகை நேரம் காட்டுகிற ஒரு செயலியை இவருடைய போனில் போட்டுக் கொடுத்தார். அது தொழுகைக்கு அழைக்கிற பாங்கும் சொல்லும். நோன்பு வந்தது. இவரும் தோட்டத்தில் இருந்தபடியே போனில் பாங்கைக் கேட்டு, ஈச்சம்பழத்தை வாயில் போட்டு, தண்ணீரையும் குடித்தார். மூன்று நாள் அப்படியே நடந்தது. நான்காம் நாள் பார்த்தால், போன் பாங்கு சொல்லி முடித்து எட்டு நிமிடம் கழித்துத்தான் நம்முடைய பள்ளியில் பாங்கு சொன்னார்கள். மருமகன் தன் ஊரின் நேரத்தைப் போட்டிருக்கிறார். அவர்களுக்குச் சூரியன் நமக்கு முந்திப் போய்விடுகிறது. மூன்று நோன்பும் பாழ். மூன்றையும் பிறகு, பாழானதற்கு ஈடாகக் களாப் பிடித்தார். பிடித்தது போக, என்னையும் மருமகனையும் போனைச் செய்தவனையும் ஏசினார். அன்றிலிருந்து பள்ளிப் பாங்கையும் பாதிதான் நம்புவார். தோட்டத்தின் மேற்கு மூலையில் நின்று, சூரியன் கடலுக்குள் முழுதாக இறங்குவதைக் கண்ணால் பார்த்தால்தான் தண்ணீர் வாயில் படும்.

இப்படிப்பட்ட மனிதருக்கு, சூரியன் இறங்கவே இறங்காத ஒரு கோளின் மேல் ஆசை வந்தால் எனக்கு எப்படி இருக்கும்? அந்த மாதம் முழுக்க அதுதான் எங்கள் பேச்சு. நான் பயத்தில் கேள்வி கேட்பேன், அவர் சந்தோசமாகப் பதில் சொல்வார். அங்கே காற்று எப்படி என்றால், குளிர்ப் பக்கத்திலிருந்து சூட்டுப் பக்கத்துக்கு ஓயாமல் அடிக்கும் என்றார். வருசம் முழுக்கக் கச்சான் காற்று அடித்தால் மிளகாய்ப் பூ நிற்குமா என்று கேட்டேன். வேலி கட்டலாம் என்றார். செடியெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து வளருமாம், பாத்தியைச் சூரியனுக்குக் குறுக்கே, நிறைய இடைவெளி விட்டு வெட்டினால் ஒன்றின் நிழல் இன்னொன்றில் விழாதாம். தண்ணீரெல்லாம் இருட்டுப் பக்கம் போய்ப் பனிக்கட்டியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்களாம். காற்று போதிய அளவு தடிப்பாக இருந்தால் சூட்டைக் கொண்டுபோய் உருக்கிவிடும் என்று வேறு சிலர் சொல்கிறார்களாம். இவர் எப்போதும் இரண்டாவது கட்சி.

"அங்க நித்திரை எப்படி?"

"யன்னலைச் சாத்திட்டுப் படுக்கிறது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்து வெளிச்சத்தில நாம படுக்கல்லையா?"

"பிறை எப்படிப் பார்க்கிற? சந்திரன் இருக்குமா அங்க?"

அதற்குக் கொஞ்சம் யோசித்தார். அவ்வளவு கிட்ட நிற்கிற கோளுக்குச் சந்திரன் நிலைப்பது கஷ்டம் என்று ஒத்துக்கொண்டார். அடுத்த நாள் மௌலவியையே பிடித்துக் கேட்டிருக்கிறார். சூரியன் மாதக்கணக்கில் மறையாத நாடுகள் பூமியிலேயே இருக்கின்றன, அங்கே உள்ளவர்கள் பக்கத்து ஊரின் நேரத்தைப் பார்த்துக் கணக்குப் பண்ணித் தொழுகிறார்கள், நோன்பும் பிடிக்கிறார்கள் என்று அவர் சொன்னாராம். அந்தப் பதிலை எனக்கு ஒரு பரிசுபோலக் கொண்டுவந்தார்.

"அந்தக் கோள்ல பக்கத்து ஊரிலயும் சூரியன் நிக்குமே," என்றேன்.

"நீ எல்லாத்துக்கும் பயப்படுற. தொண்ணூறாம் வருசம் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து இறங்கின நேரம் நமக்கு இங்க என்ன இருந்தது? கிடுகும் மணலும். மனிசன் வாழல்லையா? எங்க போட்டாலும் மனிசன் வாழுவான்."

அவர் மன்னாரிலிருந்து வந்தபோது வாலிபர், நான் சிறுமி. எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே அகதி முகாமில்தான் கிடந்தன. அவர் சொன்னது சரிதான், வாழ்ந்தோம். ஆனாலும் நான் விடவில்லை.

"வாழ்ந்தம். ஆனா அந்த முகாமிலயும் ஒவ்வொரு நாளும் பொழுது பட்டது. இண்டைக்குரிய கஷ்டம் இண்டையோட முடிஞ்சது. முடியாத நாளில எப்படி வாழுற?"

பயந்தாங்கொள்ளி என்று என்னைக் கேலி பண்ணிவிட்டுத் தொழப் போனார். மெஷின் அன்று தொண்ணூறு காட்டியது. அடுத்த நாள் எண்பத்திரண்டு. அதற்கடுத்த நாள் எழுபத்தாறு. இலக்கம் இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

பத்தொன்பதாம் நோன்பு அன்று அவர் அசருக்கு வீட்டுக்கு வரவில்லை. போன் எடுத்தேன். மோட்டர் ஓடுகிறது, பிறகு வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். குரல் வழமையாகத்தான் இருந்தது. ஐந்தரைக்கு மறுபடியும் எடுத்தேன், பதில் இல்லை. ஐந்தே முக்காலுக்கும் இல்லை. அப்போது என் கை தன் பாட்டில் வேலை செய்தது. அடுப்பை அணைத்தேன். பிளாஸ்கில் தேத்தண்ணீர் ஊற்றி ஐந்து கரண்டி சீனி போட்டேன். ஈச்சம்பழம், இரண்டு கோப்பை, ஒரு போத்தல் தண்ணீர், மெஷின் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மணல் ஒழுங்கையில் ஓடினேன். நோன்பு வாயோடு ஓடும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்பதைத் தவிர வேறு ஒன்றும் எனக்கு வரவில்லை.

தோட்டத்து வாசலிலேயே தெரிந்துவிட்டது. தண்ணீர் பாத்திகளை நிரப்பிப் பாதையிலும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாளித் தண்ணீரை வீணாக்க விடாத மனிதர் அவர். கொட்டிலுக்குப் பின்னால், கடலைப் பார்த்தபடி மணலில் உட்கார்ந்திருந்தார். சேர்ட் முழுக்க வியர்வை. காற்று அடிக்கிற இடத்தில் அப்படி வியர்க்காது. கையைப் பிடித்தேன், நடுங்கியது. விரலைக் குத்தினேன். நாற்பத்தொன்பது.

"நாப்பத்தொம்பது. இஞ்ச பாருங்க, எழுபதுக்குக் கீழ போனா விடுறெண்டு சொன்னீங்க. குடிங்க."

கோப்பையை வாயில் வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைத் தட்டிவிட்டார். பாதித் தேத்தண்ணீர் மணலில் ஊற்றுண்டது.

"சூரியன் இருக்கு."

"இருக்கட்டும். நீங்க வருத்தக்காரர்."

"அசையல்ல புள்ள." அவர் குரல் நித்திரையில் பேசுகிற மாதிரி இருந்தது. "நான் எவ்வளவு நேரமா பார்த்துக்கொண்டிருக்கிறன். அங்கேயே நிக்குது. இறங்கவே இல்ல. இது அந்தக் கோள்தான்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் நான் இருந்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. முப்பது வருடம் ஒன்றாக வாழ்ந்த மனிதர், என்னை விட்டுவிட்டு வேறொரு கோளில் போய்க் குந்திக்கொண்டிருக்கிறார். மூன்று பேரைக் கூப்பிட்டு வாயைப் பிளந்து ஊற்றலாம் என்றால், பக்கத்துத் தோட்டக்காரர்களெல்லாம் நோன்பு திறக்க வீட்டுக்குப் போய்விட்டார்கள். சூரியன் கடலுக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க, எனக்கும் அது அசையாமல் நிற்பதுபோலத்தான் பட்டது.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. மகள். நோன்பு நாளில் அவள் தினமும் அந்த நேரத்துக்குத்தான் வீடியோவில் எடுப்பாள், வாப்பாவைப் பார்த்துக்கொண்டு நோன்பு திறப்பதற்கு.

"உம்மா, வாப்பா எங்க?"

நான் பதில் சொல்ல முதலே அவளுக்குப் பின்னால், அவளுடைய ஊர்ப் பள்ளியில், பாங்கு தொடங்கிவிட்டது.

"கதைக்காத மகள்," என்றேன். "போனை யன்னலுக்கு வெளிய பிடி. அப்படியே பிடி."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. முகம் மறைந்து, திரையில் ஒரு மதிலும் வானமும் தெரிந்தன. சத்தத்தைக் கூட்டி, போனை அவர் காதுக்குக் கிட்டக் கொண்டுபோனேன். அவர் தலையை நிமிர்த்தினார்.

"பாங்கு சொல்லிட்டாங்க," என்றேன். "திறங்க."

"சொல்லிட்டாங்களா?"

"ஓம். சொல்லிட்டாங்க."

அவர் முகம் அப்படியே இளகியது. உதடு அசைந்து துஆ ஓதியது. நான் வைத்த ஈச்சம்பழத்தை வாங்கினார். இரண்டு, மூன்று. பிளாஸ்கில் மிச்சமிருந்த தேத்தண்ணீரை ஊற்றிக் கொடுத்தேன், ஒரே மூச்சில் குடித்தார். நான் போனை அணைத்தேன். அவர் தோளைப் பிடித்து, கடலுக்கு முதுகு காட்டி, வெங்காயப் பாத்திகளைப் பார்க்கத் திருப்பி உட்கார வைத்தேன். கண் கூசும் என்று சொன்னேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் விழுங்கியது எல்லாம் இரத்தத்தில் ஏற வேண்டும், ஏற வேண்டும் என்பது மட்டுமே எனக்குள் ஓடியது. நடுக்கம் மெல்லக் குறைந்தது. நெற்றியைத் தொட்டேன், வியர்வை நின்றிருந்தது. இனிச் சாக மாட்டார் என்று எனக்குத் தெரிந்த அந்த நொடியில்தான், என்ன செய்திருக்கிறேன் என்பதும் தெரிந்தது. மூன்று நோன்பு பாழானதற்கு ஒரு வருடம் ஏசிய மனிதரை, அதே ஊர்ப் பாங்கைக் காட்டி ஏமாற்றிவிட்டேன். உண்மையைச் சொன்னால் மிச்ச ஈச்சம்பழத்தைத் தொட மாட்டார். அடுத்த முறை நான் எதைச் சொன்னாலும் நம்ப மாட்டார்.

அவர் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேரின் நிழலும் பாத்திகளின் மேலே நீளமாக விழுந்து கிடந்தது. நிழல் விழுகிறதென்றால் முதுகுக்குப் பின்னால் சூரியன் இருக்கிறது என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அவர் நிழலைப் பார்த்தார். பிறகு என் முன்னால் மணலில் இருந்த கோப்பையைப் பார்த்தார். அவருக்குத் தேத்தண்ணீர் கொடுக்கும்போது எனக்கென்று நான் ஊற்றி வைத்த தண்ணீர். நான் அதைத் தொடவில்லை. எனக்கு இன்னும் நேரமாகவில்லையே.

"நீ ஏன் குடிக்கல்ல?"

இந்த முறை அது அவருடைய சொந்தக் குரல்.

எனக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை. பிரயாணத்திலும் இல்லை. பருவம் வந்த நாள் தொடக்கம் காரணமில்லாமல் ஒரு நோன்பைக்கூட விட்டவள் இல்லை நான். பின்னால் சூரியன் தண்ணீரில் கால் வைக்கவும் இல்லை என்று முதுகுச் சூட்டிலேயே தெரிந்தது. நான் கோப்பையை எடுத்தேன். பிஸ்மி சொல்ல நாக்கு வரவில்லை. குடித்தேன். முழுக்கக் குடித்தேன். அவ்வளவு தாகத்தில் குடித்த தண்ணீர் அப்படிக் கசக்கும் என்று எனக்கு முன்பு தெரியாது.

"மறந்திட்டன்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். திரும்பிக் கடலைப் பார்க்கவில்லை. எப்போதும் பார்க்கிற மனிதர், அன்று பார்க்கவில்லை. அடுத்த சில நிமிடம் நாங்கள் இரண்டு பேரும் நிழலைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அது மங்கி மணலோடு சேர்ந்த பிறகு, எங்கள் பள்ளியில் பாங்கு சொன்னார்கள். முஅத்தின் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் தொடங்குவார், இந்த ஊரில் அந்தச் செருமல் தெரியாதவர் இல்லை. பாங்கு முடிந்ததும் அவர் எழுந்துபோய் மோட்டரை நிறுத்தினார். வீட்டுக்கு வரும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அடுத்த நாள் சஹருக்கு அவர் எழும்பவில்லை. விடிந்த பிறகு குசினிக்கு வந்து, "எனக்குப் பாண் இருக்கா?" என்று கேட்டார். மிச்ச நோன்பு முழுக்க நான் பிடித்தேன், அவர் பிடிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஒருவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தனுப்பினார். கோளைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால், கண்டுபிடித்துவிட்டாரா இல்லையா என்ற யோசனை என்னைத் தின்றது. அவர் சும்மா என்னை நிமிர்ந்து பார்த்தாலும், கேட்கப்போகிறார் என்று நினைப்பேன். செய்த பாவத்துக்குத் தொழுகையில் தவ்பா கேட்பேன். கேட்டு முடித்ததும், திரும்ப அப்படி ஒரு நாள் வந்தாலும் அதைத்தான் செய்வேன் என்று மனம் சொல்லும். அது தவ்பாவா என்று எனக்குத் தெரியவில்லை, மௌலவியிடம் கேட்கவும் துணிவில்லை.

பெருநாள் கழிந்தது. பெருநாள் மாதத்தில், கட்டாயமில்லாத சுன்னத்தான நோன்பு ஆறு பிடிப்பது எங்களிடத்தில் வழக்கம். அந்தச் சாக்கில், அன்றைக்குத் தண்ணீர் குடித்து முறித்த நோன்பின் களாவையும் அவருக்குத் தெரியாமல் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். மத்தியானம் சாப்பாடு வைக்கும்போது, முடிந்த அளவு சாதாரணமாகச் சொன்னேன்.

"நாளையிலிருந்து ஆறு நோன்பு புடிக்கலாமெண்டு இருக்கிறன்."

அவர் மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ஏழு," என்றார்.

நான் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தேன்.

"முதல்ல களாவைப் புடி. பொறகு ஆறு." முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "என்ட ஒண்ட இனி என்னால புடிக்க ஏலாது. உன்ட ஒண்ட நீ புடி. சஹருக்கு நான் எழுப்பிவிடுறன்."